மரபியல் வகுப்பில் கடைசி இடம்

டெலனி கண்ணு,

உன் பாஸ்வேர்டைப் போட்டு உன் கல்லூரிப் பக்கத்துக்குள் புகுந்தவன் நான்தான். நாயின் பெயரை வைத்தால் நாய்கூடப் புகுந்துவிடும்.

ஆன்லைன் உயிரியல் பாடங்களுக்குக் காலை ஏழு மணிக்குப் பதிவு திறந்தது. நீ போனை எடுக்கவில்லை. லேபும் ஆன்லைனிலேயே இருந்த ஒட்டுண்ணியியலை அழுத்தப் போனேன்.

"என் கண்ணாடி எங்க, வாலஸ்? லேபும் ஆன்லைன்னா மெடிக்கல் காலேஜ்ல சேர்த்துக்க மாட்டாங்க. பிள்ள டாக்டராகணும், கெடுத்துடாத," என்று உன் அம்மா என் காதருகே கத்தினாள்.

மரபியலுக்கு லேப் மட்டும் நேரில். மூன்று இடங்கள், இரண்டு, ஒன்று. அடுப்பில் வாஃபிள் கருகியது. அழுத்தினேன், கிடைத்தது. உன் அம்மா அழுதேவிட்டாள்.

வேண்டாமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் விலகிக்கொள்ளலாம். உள்ளே புகுந்ததுமே பார்த்துவிட்டேன்: அந்தப் பக்கத்தின் மூலையில், உன் முதன்மைப் பாடம் செப்டம்பரிலிருந்து நாடகம் என்று இருந்தது.

அம்மா இன்னும் கண்ணாடியைத் தேடுகிறாள். அது என் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

உன் அப்பன்