உங்கள் பேரில் பூட்டிய போக்கஸ் லைற்

இஞ்சாருங்கோ, டிலானியின் அப்பா,

இந்த இத்தாலிக் கரையில், எங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை மறுபடியும் இருட்டாகிவிட்டது. இதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடிய ஒரே மனுசன் நீங்கள்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு எங்கள் கோயில் சபை அருளப்பு அண்ணையும் ஆட்களும் சேர்ந்து, கடற்கரையில் மாதா சொரூபம் நிற்கிற கெபிக்கு மேலே பெரிய போக்கஸ் லைற் ஒன்றைப் பூட்டினார்கள். கீழே தகட்டில் உங்கள் பேர். “நாள் முழுக்க குசினிக்குள்ளை நிக்கிறன், வெளியிலை வந்தால் வானமெண்டாலும் தெரியவேணும்” என்று உணவகம் உணவகமாக ஏறி இறங்கி, வெளிச்சம் மேலே போகாமல் விளக்குகளுக்கு மூடி போட வைத்தவர் நீங்கள். உங்கள் நினைவுக்கு வானத்தை மறைக்கிற லைற்றா? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

வாய் திறக்க முடியவில்லை. உங்கள் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அவர்கள்தானே. ஆனால் உணவகக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கெபிக்கே இவ்வளவு வெளிச்சம் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் மூடி என்று ஒவ்வொருவராகக் கழற்றத் தொடங்கினார்கள். நீங்கள் வருடக்கணக்காகச் செய்தது உங்கள் பேராலேயே அழியப் பார்த்தது.

ஞாயிறு பூசை முடிந்து எங்கள் ஆட்கள் கூடிய கூட்டத்தில் எழும்பினேன். கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத நான்தான்.

“அண்ணை, இவரின்ரை பேர் இருக்கட்டும். லைற் வேண்டாம். இவர் இருந்திருந்தால் தானே ஏறிக் கழட்டியிருப்பார்.”

மாதாவை இருட்டில் விடுவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அருளப்பு அண்ணை முகம் கறுத்து வெளியே போய்விட்டார். ஒரு நல்ல உறவைத் தொலைத்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் பொழுதுபட அவரே கெபியடிக்குக் கூப்பிட்டார். போனால், ஏணியோடு நிற்கிறார். போக்கஸ் லைற்றைக் கழற்றிவிட்டு, மாதாவின் காலடியில் மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி மூடி போட்ட சின்ன மஞ்சள் பல்ப் ஒன்றைப் பூட்டினார். இறங்கியவர் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார், கன நேரம் பார்த்தார்.

“தங்கச்சி, இவ்வளவு வெள்ளியும் இஞ்சைதானோ நிண்டது?”

“ஓம் அண்ணை.”

எனக்கு அப்போது வந்த பெருமையை எப்படிச் சொல்ல? உங்கள் பேருக்குப் பக்கத்தில் நின்று அவர் கண்ணைத் துடைத்தார். எதிர் உணவகத்து முதலாளியம்மா, அந்தச் சிஞ்ஞோரா, அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், அந்தக் கிழமையே தன் மூடிகளைத் திருப்பிப் போட்டாள். மற்றவர்களும் போட்டுவிட்டார்கள்.

பக்கத்துக் கடற்கரை மொண்டெல்லோவில், விளக்கு மூடியைப் பற்றி உங்களைக் கதைக்கவே விடாமல் திருப்பி அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கோடைக்கூட்டம் வருமுன் நானும் மகளும் அங்கே போகிறோம். இத்தாலியப் பாஷையை அவள் கதைப்பாள். சண்டையை நான் பிடிப்பேன்.

டிலானியின் அம்மா,
என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி