முதல் பனியனுக்குப் பூசை

வேலம்பாளையம், 12.2.2007

அன்புள்ள அம்மாவுக்கு,
மாரிக்கனி எழுதறேன். நான் சுகம். உங்க முழங்கால் வலி தேவலையா?

கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்திருக்கு. வழக்கம்போல முதல் பனியனுக்குச் சந்தனம் வச்சுப் பூசை போட்டோம். "ஆர்டர் பெருகணும்னு வேண்டிக்க கண்ணு"ன்னு பக்கத்து மிஷின் மயிலாளக்கா சொன்னாங்க. மனசார வேண்டிக்கிட்டேன்.

பிறகு சூப்பர்வைசர் சொன்னார், அது வெளிநாட்டுப் பட்டாளத்துக்குப் போற பனியனாம். அணுகுண்டு விஷயத்துல அந்த நாட்டுக்கு ஈரானோட சண்டை வந்தா ஆர்டர் ரெண்டு மடங்காகுமாம். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டிட்டேன்மா. ஈரானுக்குப் பக்கத்துலதான் குவைத்துன்னும், அங்கதான் நம்ம தம்பி இருக்கான்னும் சோத்துல கை வச்சப்பத்தான் உறைச்சுது.

பயப்படாதீங்க, சண்டையெல்லாம் வராது. யார் வந்தாலும் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்க, இங்க சாப்பாடு இறங்கலை. தம்பி போன் பண்ணினா, அக்கா உனக்காகத்தான் வேண்டிக்கிறான்னு சொல்லுங்க.

ஷிப்டுக்கு நேரமாச்சு. இன்னைக்கும் அந்தப் பனியன்தான் தைக்கணும்.

உங்கள்
மாரிக்கனி