கோழி கீறின கொப்பி

...அப்ப உங்களுக்கு என்னோட கோவமே இல்லை, என்ன அக்கா? நீங்கள் இங்கிலிஷ் எழுதிப் பழகின கொப்பியைத் திறக்க, உள்ள காய்ஞ்சு கிடந்த உங்கட தோட்டத்துக் கொத்தமல்லி மணக்குது. காலமை உங்கட மகள் நொய்கெல்னில இருக்கிற என்ர வீட்டுக்கு வந்து, "அம்மா உங்களுக்கெண்டு வைச்சது" எண்டு தந்திட்டுப் போறா. நீங்கள் போய் ஆறு மாசம். ஆறு மாசமா முருகனிட்ட நான் கேட்டது இது ஒண்டைத்தான்.

ரெண்டு பேரும் ஒரே கந்தோரில மேசை, அறை எல்லாம் கூட்டித் துடைச்சனாங்கள். சனிக்கிழமையில உங்கட தோட்டத்தில இங்கிலிஷ் படிப்பு. லண்டனில இருக்கிற பேத்திக்கு உங்கட வியட்நாம் பாசையும் தெரியாது, இஞ்சத்தை ஜெர்மன் பாசை டொச்சும் தெரியாது. அவளோட போனில கதைக்கத்தான் அந்த வயசில பென்சில் பிடிச்சனீங்கள். என்ர ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலிஷுக்கே என்னை டீச்சரம்மா எண்டு நக்கலடிப்பியள்.

அவள் போனில வாசிச்சுக் காட்டின, வயல் செய்யிற கமக்காரன் கதையில 'கிறொப்' எண்டு ஒரு இங்கிலிஷ் சொல் வந்திச்சு. பயிர் எண்டன். அறுத்தெடுக்கிற விளைச்சலும் அதுதான் எண்டன். தலைமயிரை ஒட்ட வெட்டுறதும், படத்தின்ர ஓரத்தை வெட்டுறதும் அதுதான் எண்டு சொல்ல, நீங்கள் விழுந்து விழுந்து சிரிச்சியள். "எங்கட பாசையில ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சொல். இது பாவம், எங்களை மாதிரி. ஒரு ஆளே எல்லா அறையும் துடைக்குது!"

பிறகுதான் நீங்கள் எனக்கு எடுத்த அந்தப் போன். தன்ர பள்ளிக்கூடத்தில வளக்கிற கோழியின்ர கழுத்தில புடைச்சு நிக்கிற தீன்பையும் கிறொப்தானோ எண்டு பேத்தி கேட்டாளாம். எனக்குக் கந்தசஷ்டி மூண்டாம் நாள், பாலும் பழமும்தான். "அக்கா, விரதத்தில கோழிக் கதை ஏலாது, போனை வையுங்கோ!" எண்டு நானே வைச்சிட்டன். நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்து எடுத்தனீங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? சூரன்போர் முடிய, நீங்கள் இல்லை.

கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில ஒரு கோழிப் படம் கீறியிருக்கிறியள். கழுத்துப் பைக்குள்ள புள்ளி புள்ளியா நெல்லு. கீழ டொச்சில: "சினேகிதிக்கு விரதம். முடிய அவவுக்குச் சொல்லிக் குடுக்கவேணும். ஓம், இதுவும் அதுதான்." ஆரோ தாதியிட்டக் கேட்டு, பேத்திக்கு அண்டைக்குப் பின்னேரமே சொல்லிப்போட்டியளாம். "அம்மா சிரிச்சுச் சிரிச்சுத்தான் கீறினவ" எண்டா மகள்.

முருகா! இப்பதான் ஒழுங்கா மூச்சு வருது. நீங்கள் உங்கட அப்பா அம்மா படத்துக்கு முன்னால பழம் வைக்கிற மாதிரி, நானும் சாமித்தட்டில கொப்பியை வைச்சு ஒரு தோடம்பழம் வைச்சன். கோழிப் பக்கத்தை மூடித்தான் வைச்சனான், குறை நினைக்காதேங்கோ.

ஐயோ அக்கா, விபூதி எடுக்கத்தான் ஞாபகம் வருது. நீங்கள் என்னட்டத் தந்த தோட்டத்துப் பூட்டின்ர திறப்பு இன்னும் இந்த விபூதிப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு.