பீரோவின் மேல் படிந்த தூள்

இன்று காலை, கோவிலம்பாக்கத்து ஆய்வறையில் சிலிக்கா நுண்தூளை எடையிடும் முன் மின்விசிறியை அணைத்தேன். கழுத்தில் வியர்வை இறங்கியதும் உன் நினைவு வந்தது, தோழி.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். பிற அனைத்தும் நூல்களின் வழியே நானே கற்றவை. நீ தாம்பரத்திலிருந்து பேருந்தேறி வந்து, அடுத்த அறையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாய். என்னை 'மேடம்' என்பாய். அதில் மரியாதையைவிடக் கேலியே மிகுதி.

அப்போது, எண்ணெயும் நீரும் கலந்த ஒரு முகப்பூச்சின் மாதிரி வாடிக்கையாளரிடமிருந்து இருமுறை திரும்பி வந்தது. எண்ணெய்த் துளிகள் கேட்டதைவிடப் பெரியவை. மூன்றாம் முறையும் தவறினால் அப்பணி பட்டம் பெற்ற ஒருவருக்குச் செல்லும் என்று முதலாளி அறிவித்துவிட்டார்.

கோட்பாட்டை நான் அறிவேன். தூள் ஒவ்வொரு துளியையும் உறைபோல் மூடும். அது போதாவிடில் துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகும்; மூடவேண்டிய மொத்தப் பரப்பு குறையும். இருக்கும் தூள் அவற்றை மூடப் போதுமானதாகும்போதுதான் துளிகள் கூடுவது நிற்கும். தராசு காட்டிய எண்ணில் எனக்கு ஐயமே எழவில்லை. ஆகவே கலக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். பயனில்லை.

நீ வாசலில் நின்று சிரித்தாய். "இன்னா மேடம், அதுக்குள்ள நரைச்சிப்போச்சா? மாவு பூரா உன் தலமேல கீது!"

"இது மாவு இல்ல, சிலிக்கா. போய் லேபிளப் பாரு."

"இன்னாவோ ஒண்ணு. பீரோ மேல தொட்டுப் பாரு."

தொட்டேன், விரல் வெளுத்தது. எடையிட்ட தூளில் ஒரு பகுதி, குடுவையைச் சேருமுன்பே விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

விசிறியை அணைத்தோம். உன் முந்தானையால் என் நெற்றியை ஒற்றினாய். "வேர்வ உள்ள வுழுந்தா அதுக்கும் என்னியத்தான் கூப்புடுவ." மூன்றாம் மாதிரியில் துளிகள் கணக்கிட்ட அளவிலேயே நின்றன.

'பிழையைச் சோதனையாளர் கண்டறிந்தார்' என்று அறிக்கையில் எழுதி உனக்கு வாசித்துக் காட்டினேன்.

"யாரு மேடம் அந்தச் சோதனையாளரு?" என்றாய். நான் தாளை மடித்து வைத்தேன்.

சென்ற மழைக்காலத்தில் நீ மறைந்தாய். பணி இன்றும் என்னிடமே உள்ளது. செய்முறைத் தாளின் முதல் வரி இப்போது 'விசிறியை அணைக்கவும்'. அதன் எதிரே, கண்டறிந்தவர் என உன் பெயர். புதிதாகச் சேர்ந்த பட்டதாரிப் பெண், "இவங்க சயின்டிஸ்டா மேடம்?" என்று வினவினாள். "லேபிள் ஒட்டினாங்க" என்றேன்.

எடையிட்டு முடித்ததும் பீரோவின் மேற்புறத்தை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். விரல் வெளுக்காவிடில் மட்டுமே எண்ணெயை ஊற்றுகிறேன்.