நான்காம் கேள்விக்கு நீ எழுதிய பதில்

அல்சூர்,
12 ஜூன் 2004

அன்புள்ள ராம்கி அண்ணா,

அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய விட்டமின் டப்பா வந்தது. இனி எழுதுவது மன்னியைப் பற்றி.

என் ஆய்வு உனக்குத் தெரியும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குச் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சை எவ்வளவு பலிக்கிறது என்பது. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து, சினைப்பையையும் குழாய்களையும் ஒட்டவைத்துவிடும் நோய். அதற்காக மருத்துவமனையின் பழைய படிவங்களைப் படிக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு. பெயர் கிடையாது, எண் மட்டும். மாதவிலக்கில் வலி உண்டா என்பதற்கு முக்கால்வாசிப் படிவங்களில் 'இல்லை'.

நம்ப முடியவில்லை. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்த்தேன். படிவம் ஆங்கிலத்தில். கவுன்டரில் இருப்பவர் அதைக் கணவரிடம் நீட்டுகிறார். கணவர் நிரப்புகிறார். மனைவி மடியில் பையோடு பக்கத்தில் இருக்கிறாள். நீலசந்திராவிலிருந்து வந்த யசோதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வயிறு என்னுது, எழுத்து அவருது."

நூற்றுப் பதினெட்டாம் படிவத்தில் உன் எழுத்து. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவாயே. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. தெரிந்துவிட்டது.

மூன்றாம் கேள்வி, மாதவிலக்கில் வலி: இல்லை.
நான்காம் கேள்வி, உடலுறவில் வலி: இல்லை.

மன்னி எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். படிவத்தை நீ ஏன் வாங்கினாய்?

மாதம் மூன்று நாள் அவள் முனகுவது அடுத்த அறையில் எனக்குக் கேட்கிறது. இங்கே இருந்தவரை உனக்கு அதே அறை. திங்கட்கிழமை நேராகக் கேட்டேன். வெகுநேரம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் ருக்கு. நாலாவதை அவர் என்கிட்ட கேக்கவே இல்லை. தனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதினார்."

இரண்டு முறை கரு வைத்தார்கள். இரண்டும் நிற்கவில்லை. ஊசி போட்டுப் போட்டுத் தொப்புளைச் சுற்றி நீலம். உன் இரண்டு 'இல்லை'களை நம்பி, காரணம் தெரியவில்லை என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். நான் எதை ஆய்வு செய்வது? கணவர்களுக்கு வலிக்கவில்லை என்பதையா?

வியாழக்கிழமை மன்னியை டாக்டரிடம் அழைத்துப்போனேன். இந்த முறை அவளே பேசினாள். ஆகஸ்டில் நீ வந்ததும் மூன்றாவது முறை என்று நாள் குறித்திருக்கிறாய் அல்லவா. அதற்கு முன்னால் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும் என்றார் டாக்டர். மன்னி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அது போதாதாம். கணவர் கையெழுத்தும் வேண்டுமாம். அவள் வயிற்றுக்கு.

காகிதத்தை உன் ஆபீசுக்கு ஃபேக்ஸ் செய்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பு. ஆனால் முதலில் மன்னிக்கு போன் செய். அம்மாவிடம் பேசிவிட்டு, கடைசி ஒரு நிமிஷத்தை அவளுக்குக் கொடுக்காதே. அவளை மட்டும் கூப்பிடு. நான்காம் கேள்வியைக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத இன்று மனம் வரவில்லை. அவள் பதில் சொல்ல நேரமாகும். போனை வைத்துவிடாதே, அண்ணா.

உன் தங்கை,
ருக்கு