வெள்ளையும் பழுப்பும்

22-4-1979, ஞாயிறு
மொட்டைமாடி விளக்குப் பொறியில் இன்று அறுபதுக்கு மேல் அந்துப்பூச்சிகள். விடுமுறை முடிவதற்குள் நெல்லித்தோப்புப் பூச்சிகளின் பட்டியலைப் எங்கள் துறைப் பேராசிரியர் கையூமிடம் கொடுத்தால் கல்லூரி மலரில் என் பெயரில் அச்சாகும். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாதியை இனம் பிரித்தேன். காபி கொண்டுவந்த தையல்நாயகி நின்றபடியே மீதியைப் பிரித்துவிட்டாள். விலங்கியல் படித்தவன் நான். என் மனைவி எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி நான்கு வருடம் — இந்தக் கண் எங்கே இருந்தது?

25-4
இன்றும் அவள் சொன்னதே சரி. பாராட்ட வாய் வரவில்லை. காபியில் சர்க்கரை போதவில்லை என்றேன்.

29-4
பேராசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். பூச்சிகளைக் குத்தி வைத்த பெட்டிகளைப் பார்த்து, "இவ்ளோ நுணுக்கமா யாருய்யா பிரிச்சது?" என்றார்.
"நான்தான் சார்."
பலகாரத் தட்டோடு அவள் கதவோரம் நின்றிருந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

30-4
பெட்டிப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால், "நீங்கதானே பிரிக்கிறீங்க, நான் எதுக்கு?" என்கிறாள். நல்லதாப் போச்சு.

4-5
பெரிய வெள்ளை ஒன்று, சின்னப் பழுப்பு ஒன்று. இரண்டு இனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

8-5
பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். "ரெண்டும் ஒரே இனம், சக்கரபாணி. பழுப்பு ஆண், வெள்ளை பெண். உணர்கொம்பப் பாத்தாலே தெரியுமே!"
வீட்டுக்கு வந்து அவளிடம் காட்டினேன்.
"புருசனும் பொண்டாட்டியும். துணி காயப்போடப் போனப்ப செவுத்துல ஒண்ணா இருந்துச்சி."
"ஏன் சொல்லல?"
"நீங்க கேக்கல."
கட்டின பொண்டாட்டி மேலயே பொறாமை — நான்லாம் என்ன மனுசன்?

10-5
இரண்டு நாள் தள்ளிப்போட்டு இன்றுதான் போய்ச் சொன்னேன். "சார், அன்னிக்குப் பாத்ததுல பாதிக்கு மேல என் வீட்டுக்காரி பிரிச்சது."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா முகத்த அன்னிக்கே பாத்தேன். அவங்க பேரையும் எழுதிக் குடுங்க."

13-5, ஞாயிறு
பட்டியலில் அவள் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் எழுதிக் காட்டினேன். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூச்சியை எடுத்து நீட்டி, "இது என்னான்னு எனக்குத் தெரியலங்க. நீங்க பாருங்க" என்றாள்.
நிஜமாகவே தெரியவில்லையா, எனக்காக விட்டுக்கொடுக்கிறாளா? கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்தேன்.