மாவேழர் மறைந்த வகை பற்றிக் கருங்கல்மேட்டுக்கு விடுத்த ஓலை

செழுங்கோட்டு நாடு நிலைத்து நிற்க. கருங்கல்மேட்டுக் கோட்டையைக் காத்து நிற்கும் முனையரையர்க்கும், தங்கள் மனையார்க்கும், படைக்கும் பயிருக்கும் குறையொன்றும் அணுகாதிருக்க. அரசர் இளவேழர் ஆணைப்படி ஓலைநாயகம் மருதூர்க் கண்டன் எழுதுவது.

இன்று அவை கூடியபோது அரியணையில் அரசர் இருந்தார். வலப்புறம் தாயார் அருவிநங்கையார். இடப்புறம் குலகுரு ஈசானர். படிக்குக் கீழே படைத்தலைவர் வயிரமேகனார். மருத்துவர் மணை ஆளின்றிக் கிடந்தது. அதற்குரிய சேந்தனார் தங்கள் சிறையில் இருப்பதும், வரும் வெள்ளியன்று அவர் தலை விழ நாள் குறித்திருப்பதும் தாங்கள் அறிந்ததே.

எண்திசையும் வென்று மீண்ட அரசரின் தந்தை மாவேழர் எவ்வாறு மறைந்தார் என்பதே பேச்சு. சேந்தனார் தந்த கஷாயத்தில் நஞ்சு இருந்தது என்றார் குலகுரு. அதைப் பருகிய பின்னரே பெரிய அரசரின் நாவும் கைகாலும் அசையாமற் போயின என்று காரணமும் காட்டினார். உடலில் தங்கிய பழைய அம்புமுனைதான் உள்ளே அறுத்திருக்கும் என்றார் படைத்தலைவர். அத்தனை நாடுகளை விழுங்கிச் செரித்தவரை ஒரு கிண்ணம் கஷாயமா கொல்லும் என்று குலகுருவை இடித்தும் பேசினார்.

முடிசூடிய மேனியை அவையிலும் நோயிலும் மருத்துவரன்றி எவரும் தீண்டலாகாது என்பது நம் முறை. ஐயம் எழுந்த அன்றே சேந்தனாரை விலங்கிட்டு அனுப்பிவிட்டதால் நாடி பார்க்க ஆளில்லை. அசைவற்றுக் கிடந்த பெரிய அரசரின் மூக்கருகே மயிலிறகை நீட்டினோம். அது அசையவில்லை. சங்கு ஊதினோம்.

அதுவரை வாய் திறவாத தாயார் அப்போது சொன்னார்: "பாடையிலே அவர் நெற்றி வேர்த்திருந்தது, குருவே. பார்த்தேன். விசிறச் சொன்னேன். துடைக்கத்தான் எனக்கு முறையில்லையே."

அதன்பின் நஞ்சு பற்றியும் அம்பு பற்றியும் எவரும் பேசவில்லை. சிதைக்கு நெருப்பிட்டவர் இன்றைய அரசர்.

ஆகையால் ஆணை. ஓலை கண்டவுடன் சேந்தனாரின் விலங்கைத் தறித்து, நீராட்டி, பல்லக்கில் ஏற்றி அனுப்புக. குற்றமில்லை எனக் கண்டோம் என்பது மட்டும் அவருக்குச் சொல்லுக. அப்படியானால் நாடி பார்த்தது யார் என்று அவர் கேட்பார். அதற்கு விடை எழுத எனக்கு ஆணையில்லை.

மேலுறை ஓலையில் ஒரு குறிப்பு: முத்திரை கோணி விழுந்திருப்பது கண்டு ஐயுற்றுத் தாமதிக்க வேண்டாம். அரக்கு ஆறும்வரை அரசரின் கை எழவில்லை. மீண்டும் உருக்கி ஊற்றினோம். தாயார் எழுந்து வந்து, அவை பார்த்திருக்க, மகனின் மணிக்கட்டைப் பற்றி அழுத்தினார். எவரும் தடுக்கவில்லை. முத்திரை மெய். குதிரை வாயிலில் நிற்கிறது, கொடுத்தனுப்புகிறேன்.